தீயைக் காணாதது

அந்த வீட்டில் அடுப்பு எரிந்து வெகுநாள் ஆகிறது என்பது வாசற்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் டீக்கடைக்காரன். விடியுமுன் பற்றவைத்த அடுப்பின் முன்னால் பொழுதெல்லாம் நிற்பவன். ஒரு வீட்டுக்குள் கால்வைத்தால் அன்று அங்கே என்ன கொதித்தது, என்ன தாளித்தார்கள் என்பதை மூக்கு தானாகச் சொல்லிவிடும். அன்று அந்த வீட்டில் சமையல் வாசம் எதுவும் இல்லை. ஈரத்துணியின் வாசமும் நறுக்கிய வெள்ளரிக்காயின் வாசமும்தான் இருந்தன.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது வீடு. நண்பனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ஆள் உயர ஐஸ்கட்டிகளை இழுத்து மிஷினில் போட்டு உடைத்து, கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு ஏற்றிவிடுவான். சிறுவயதில் நாங்கள் இருவரும் இதே ஊரில் ஓர் ஓட்டலில் மேசை துடைத்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். அவன் என்னைவிட மூத்தவன். ஆனாலும் எங்களுக்குள் வாலே போலே என்றுதான் பேச்சு. அவன் மனைவியை மட்டும் முறையாக மைனி என்று கூப்பிடுவேன். பிற்பாடு நான் சாத்தான்குளத்துக்கே திரும்பி டீக்கடை போட்டுவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகன். வளைகுடா நாடு ஒன்றில், கப்பல்களைப் பழுதுபார்க்கிற இடத்தில் வெல்டராக இருந்தான். அங்கே ஒருநாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். உடல் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அது இங்கே வந்துசேர அங்கும் இங்கும் பல பேர் பல இடங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இன்று வரும், நாளை வரும் என்று சொல்லிச் சொல்லி வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

துக்க வீட்டில் எனக்குப் பேச வராது. மற்றவர்கள் எப்படியோ சரியான வார்த்தையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். உடல் வந்த பிறகு கூட்டத்தோடு போய் நின்றுகொள்ளலாம் என்று இருந்தேன். என் மனைவிதான் கடைக்கு வந்து கேட்டாள்.

“அடக்கத்துக்கு மட்டும் போனாப் போதும்னு இருக்கியளா? அதுவரைக்கும் அங்கன அவிய ரெண்டு பேருமா ஒத்தையில கெடக்கணுமா?”

கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கிளம்பினேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் உடல் அடக்கம் ஆகும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். அதனால் சமைக்காமல் தின்கிற மாதிரி இருக்கட்டும் என்று கொஞ்சம் அவலும், ஓலையில் பொதிந்த கருப்பட்டியும் வாங்கிக்கொண்டேன்.

நண்பன் வாசலில் உட்கார்ந்து ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்து, கழுத்தெலும்பு தெரிந்தது.

“வால, டீ மாஸ்டரு,” என்றான். “ஒனக்கு இங்கன ஒரு வேலையுங் கெடையாது. அடுப்பப் பூட்டியாச்சி.”

சிரிக்கத்தான் பார்த்தான். வாய் பாதியில் நின்றுவிட்டது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்த இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்துச் சீவ ஆரம்பித்தேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை அது. துக்கம் விசாரித்ததும் அதுதான்.

மைனி முன்னறையில் பாயில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் உள்ளே போனதும் எழுந்திருக்கப் பார்த்து, கையை ஊன்றி, முடியாமல் திரும்பவும் சாய்ந்துகொண்டார். “தம்பியா,” என்றார். அவ்வளவுதான். நல்ல உடம்புக்காரர். சேலைக்குள் இப்போது ஆள் இருப்பதே தெரியவில்லை.

நண்பன் என்னை உள்ளே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னான். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற அவன் தங்கை இன்னமும் கொண்டுவருகிறாள். இவன் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறான். மைனி தொடுவதில்லை.

“சூடா எதுவும் எறங்க மாட்டேங்கு. ஆற வச்சிக் குடுத்தாலும் வேண்டாங்கா. தீயக் கண்டதே வேண்டாமாம். மாதா கோயில்லருந்து சாமி வந்தாரு. அப்படியெல்லாம் கட்டாயம் இல்லம்மா, சாப்பிடுன்னாரு. ‘சரி சாமி’ன்னு தலைய ஆட்டுனா. அவரு அங்கன படி எறங்குதாரு, இவ இங்கன கஞ்சிய நீக்கி வைக்கா.”

“டாக்டரு?”

“மயங்கி விழுந்துட்டா. தூக்கிட்டுப் போயி குளுக்கோஸ் ஏத்துனோம். இப்படியே போனா தாங்காதுன்னுட்டாரு.” அவன் முன்னறைப் பக்கம் பார்த்தான். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ல. அவன் வரும்போது இவ எந்திச்சி நிக்கணும். அவ்வளவுதான். மவன் மொகத்தப் பாக்காமப் போயிட்டான்னா, பொறவு நான் என்னத்துக்கு?”

குசினி என்றுதான் அவர்கள் அடுப்படியைச் சொல்வார்கள். உள்ளே ஸ்டவ்வின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் காய்களைப் பரப்பி வைத்திருந்தான். ஜன்னல் கம்பியில் ஈரத்துணி மூட்டைகள் தொங்கின. முளைகட்டிய பயறு. அவன் வாழ்க்கையில் வெந்நீர்கூடப் போட்டவன் இல்லை. மைனிக்காக, அடுப்பில்லாமல் தின்னக்கூடியது என்ன என்று ஒருவர் இருவரைக் கேட்டும், போனில் பார்த்தும் படித்திருக்கிறான்.

அந்த வீட்டில் சில நாள் தங்கினேன். அவனிடம் நான் கற்றுக்கொண்டேன்.

பாசிப்பயறைச் சாயங்காலம் ஊறவைக்க வேண்டும். மறுநாள் தண்ணீரை வடித்துத் துணியில் இறுக்காமல் கட்ட வேண்டும். நான் வழக்கம்போல் டீ வடிகட்டுகிற கையால் முறுக்கிக் கட்டிவிட்டேன். “ஏலே, கழுத்த நெரிக்காத. அது மூச்சு விடணும்லா,” என்றான். முளை சின்னதாக எட்டிப்பார்க்கும்போதே எடுத்துவிட வேண்டும்; நீளவிட்டால் கசப்பு தட்டும். அதில் தேங்காய்த் துருவல், எலுமிச்சம்பழச் சாறு, உப்பு, பொடியாக நறுக்கிய மல்லித்தழை. பச்சை நிலக்கடலையை ஊறவைத்தால் தோல் தளர்ந்து, மென்றால் பால் வரும். தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலில் நாட்டுவாழைப்பழத்தைப் பிசைந்தால் பாயசம் மாதிரி இருக்கும். கேரட்டைத் துருவினால் உடனே உப்புப் போடக் கூடாது, தண்ணீர் விட்டுவிடும்.

சமையல் என்றால் எனக்குக் கொதி தெரியும். பால் எப்போது பொங்கும், டிக்காஷன் எப்போது இறங்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். இங்கே சத்தமே இல்லை. ஊறுவதற்கும் முளைப்பதற்கும் சத்தம் கிடையாது. காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. போன் மேசைமேல் கிடக்கும். மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருப்போம். அடித்தால் நண்பன் வெளியே எடுத்துப்போய்ப் பேசுவான். திரும்பி வரும்போது மைனி அவன் முகத்தைத்தான் பார்ப்பார். என்ன என்று கேட்கமாட்டார்.

இவ்வளவும் செய்து கொடுத்தால் மைனி ஒரு வாய், இரண்டு வாய் கொறிப்பார். பிறகு தட்டை அவர் கை மெல்லத் தள்ளிவிடும்.

நானும் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் வீட்டில் துள்ளுமாவு செய்வார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து, தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் சேர்த்துப் பிசைவது. அடுப்பே வேண்டாம். நண்பன் வீட்டில் உரல் இல்லை. மிக்ஸியில் போட்டு, சல்லடையில் சலித்து, கொண்டுபோன கருப்பட்டியைக் கத்தியால் செதுக்கிப் போட்டுப் பிசைந்தேன். நல்ல வாசம். ஒரு உருண்டை பிடித்து மைனியிடம் நீட்டினேன்.

அவர் வாங்கி வாயில் போட்டார். மெல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

“கருப்பட்டியா தம்பி?”

“ஆமா மைனி. ஊரு கருப்பட்டி.”

“பதனியக் காய்ச்சுனாத்தான கருப்பட்டி? தீயக் கண்டதுதான?”

அவர் சேலை முந்தானையை வாயில் வைத்து, எனக்குத் தெரியாமல் அதில் உமிழ்ந்துகொண்டார். என்னை நோகடிக்கக் கூடாது என்று அதை அவ்வளவு மறைவாகச் செய்தார். நான் உருண்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“கோவப்படாதீய தம்பி. அவன் அங்கன குளுந்து போயிக் கெடக்கான். எனக்கு மட்டும் சூடு எதுக்கு?”

குசினிக்குத் திரும்பியதும் நண்பன் அவல் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். “இதுவும் போச்சில. நெல்ல வறுத்துத்தான இடிக்கான்.” பிறகு நாங்கள் இருவரும் அலமாரியின் முன்னால் நின்று, எது தீயைக் கண்டது, எது காணாதது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். சீனி போனது. பொரிகடலை போனது. தயிர் போனது, பாலைக் காய்ச்சாமல் யார் உறை ஊற்றுகிறார்கள்? தேன் தேறியது. மிளகு வெயிலில் காய்ந்தது, அதுவும் தேறியது. உப்பு ஜாடியை எடுத்தபோது நண்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்னறையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தான்.

“ஏளா, உப்பு? இது வெயில்லதான காய்ஞ்சது. வெயிலு தீயாகுமா?”

மைனி யோசித்துத்தான் சொன்னார்.

“வெயிலு வேற. வெயிலு எல்லாருக்கும் உள்ளது.”

உப்பு தேறியது. நாங்கள் கருப்பட்டியை ஓலையிலேயே திரும்பப் பொதிந்து மேல்தட்டில் வைத்துவிட்டோம்.

அன்று பிற்பகல் தேங்காய் துருவும்போதுதான் நண்பன் அதைச் சொன்னான். அருவாமணையில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் எதிரே பயறு அலசிக்கொண்டிருந்தேன்.

“நாந்தாம்ல கெடுத்தேன்,” என்றான்.

“எத?”

“இவள.”

தேங்காய் மூடியைச் சுற்றுவதை அவன் நிறுத்தவில்லை. “சேதி வந்த அன்னைக்கு எல்லாரும் அழுதோம். இவளும் அழுதா. தங்கச்சி போட்டுக்கொண்டாந்த காப்பிய வாங்கி ரெண்டு மடக்கு குடிக்கவுஞ் செஞ்சா. அதக் கையில வச்சிக்கிட்டு என்னையப் பாத்துக் கேட்டா. ‘இத்தன தூரத்துல கெடக்கானே, அவன எப்படி வச்சிருப்பாவ, புள்ள ஒடம்பு என்னத்துக்கு ஆவும்’னு கேட்டா. நான் ஆறுதல் சொல்லணும்னு நெனச்சேன். எனக்கு என்னல தெரியும்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ‘ஏளா, ஐஸுலதான வச்சிருப்பாவ. நான் பாக்காத ஐஸா? சீலாவ ஐஸுல போட்டா எத்தன நாளானாலும் கண்ணு மங்காது, போட்டது போட்டபடி இருக்கும்’னேன்.”

கை நின்றுவிட்டது.

“மீனச் சொன்னேம்ல. எம் மவனுக்கு மீனச் சொன்னேன்.”

நான் பயறுக்குள் கையை வைத்தபடி இருந்தேன்.

“அப்பமே தம்ளரக் கீழ வச்சிட்டா. அன்னைக்குப் பொறவு சூடா ஒண்ணுந் தொடல. நானும் கம்பெனிக்குப் போவல. வாசல்கிட்டப் போனாலே மிஷினு சத்தம் கேக்கும். கட்டிய உள்ள தள்ளுனா நொறுங்குது பாரு, அந்தச் சத்தம். அதக் கேக்கக் கூடாதுல இப்போ.”

அந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு வார்த்தை இருக்கத்தான் செய்யும். எனக்குத்தான் தெரியவில்லை. தேங்காய் மூடியில் இன்னும் பாதி இருந்தது. அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் அருவாமணையில் உட்கார்ந்து மீதியைத் துருவினேன். அவன் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

ஆனால் மைனி கேட்ட கேள்வி எனக்குள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. பதனியைக் காய்ச்சினால்தானே கருப்பட்டி? அப்படியானால் காய்ச்சாத பதனி? அது சித்திரை மாதம். எங்கள் ஊர்ப் பக்கம் பனையெல்லாம் ஏறிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மரத்திலிருந்து இறக்கிய பதனி வெயில் ஏற ஏற மாறிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறவர்கள் கேனுக்குள் ஐஸைப் போட்டுக்கொள்வார்கள். நான் எப்படிப் போடுவேன்? பனங்காட்டிலேயே காத்திருந்து, இறக்கியதும் வடிகட்டி வாங்கி, கேனைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். சாக்கு சொட்டியது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, மடியில புள்ளையா? குளிப்பாட்டிக்கிட்டே வாரிய?”

பஸ்ஸில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் வருகிற புதுக்கோட்டை தாண்டியதும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். புளிக்கவில்லை.

வீட்டுக்குள் போய் ஒரு தம்ளரில் ஊற்றி மைனியிடம் கொடுத்தேன். நண்பனும் அவன் தங்கையும் பக்கத்தில் நின்றார்கள்.

“பதனி மைனி. காய்ச்சல. மரத்துலருந்து நேரா வருது.”

மைனி தம்ளரை வாங்கினார். உள்ளே பார்த்தார்.

“சுண்ணாம்பு போட்டுத்தான எறக்கியிருக்காவ?”

“ஆமா மைனி, அது போடாட்டி கள்ளாயிரும்லா.”

சொல்லி முடித்த பிறகுதான் நண்பனின் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்ணால் என்னை அதட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பு வேறு எங்கிருந்து வருகிறது? கடல் சிப்பியைச் சூளையில் வைத்துச் சுட்டால்தான் சுண்ணாம்பு. இந்தக் கடற்கரையில் பிறந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீயைக் கண்டதிலேயே பெரிய தீயைக் கண்டது அதுதான்.

மைனி தம்ளரை வாயில் வைத்தார். ஒரு மடக்கு. நிறுத்தினார். பிறகு தலையை அண்ணாந்து, மீதி முழுவதையும் குடித்தார். தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வாயைத் துடைத்துக்கொண்டு தம்ளரை மடியில் வைத்தார்.

“சுண்ணாம்புஞ் சுட்டதுதான்,” என்றார். “எனக்குந் தெரியும்.”

காலித் தம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

“போவட்டும். ஊத்துங்க.”

தம்ளரை நீட்டினார். நண்பனின் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஊற்றினேன். பாயில் கொஞ்சம் சிந்திவிட்டது. “டீய அம்புட்டு ஒசரத்துல தூக்கி ஆத்துவிய, இத ஊத்தத் தெரியலையாக்கும்,” என்றார் மைனி. வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் கேலி அது.

அதன் பிறகு நாள் விட்டு நாள் பதனி கொண்டுபோனேன். நான் போகாத நாளில் நண்பனே சாத்தான்குளம் வந்து வாங்கிப்போனான். அரைத்துச் சலித்த பச்சரிசி மாவைப் பதனி தெளித்துப் பிசைந்தால் கருப்பட்டி இல்லாமலே இனிப்பு ஏறியது. அதை மைனி முழு உருண்டையாகத் தின்றார். நுங்கைத் தோண்டித் தேங்காய்ப்பாலில் போட்டுக் கொடுத்தோம். மாங்காயைக் கீறி உப்பும் மிளகும் தூவினோம். ஒருநாள் அவரே பாயிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தார். நாங்கள் வெங்காயம் நறுக்கியிருந்ததைப் பார்த்து, “இது வெங்காயமா, வெறகா?” என்று கத்தியை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தபடியே மெல்லியதாக நறுக்கினார். ஸ்டவ்வின்மேல் கிடந்த பலகையைப் பார்த்தார். தொடவில்லை.

ஒருநாள் போன் வந்தபோது நண்பன் வெளியே எடுத்துப்போகவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டான். சரி சார், சரி சார் என்றான். வைத்துவிட்டு மைனியைப் பார்த்து, “ஏத்திட்டாவளாம்,” என்றான்.

மைனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எப்ப வாரான்?”

மற்றவர்கள் எல்லாரும் பாடி எப்போது வருகிறது என்றுதான் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாரான் என்றார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நண்பனும் அவன் தங்கை புருஷனும் போனார்கள். ஆம்புலன்ஸ் காலையில் வீட்டுக்கு வந்தது. மைனி குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலில் நின்றிருந்தார். யாரும் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கப் போன தங்கையின் கையையும் விலக்கிவிட்டார். நண்பன் முன்பக்கக் கதவைத் திறந்து இறங்கியதும் முதலில் அவரைத்தான் பார்த்தான். நிற்கிறாரா என்று பார்த்தான். நின்றார்.

பெட்டியைத் திறந்து முகத்தை மட்டும் காட்டினார்கள். நண்பன் சொன்னது போலத்தான் மகன் இருந்தான், போட்டது போட்டபடி. மைனி அவன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்து, திரும்பவும் அவன் கன்னத்தில் வைத்தார். தேய்ப்பார், வைப்பார். குளிர்காலத்தில் குழந்தைக்குச் செய்வது போல. கோயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் நண்பன் வாய்விட்டு அழுதான். அத்தனை நாளும் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில். அங்கே மண் என்பது மணல்தான். செருப்பில்லாமல் நின்றவர்கள் கால் மாற்றி மாற்றி வைத்தார்கள். பெட்டியை இறக்கிய பிறகு ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் எடுத்துப் போட வேண்டும். சாமி முதலில் போட்டார். நண்பன் போட்டான். மைனி குனிந்து, குவித்திருந்த மணலுக்குள் கையை விட்டார். விட்டவர் எடுக்கவில்லை. கையை மணிக்கட்டுவரை புதைத்தபடி அப்படியே இருந்தார். மயக்கம் வருகிறதோ என்று தங்கை ஓடிப்போனாள். மைனி தலையைத் தூக்கி நண்பனைப் பார்த்தார்.

“சூடாத்தான் இருக்கு,” என்றார்.

நண்பன் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அவனும் மணலுக்குள் கையை விட்டான்.

“ஆமாளா. சூடாத்தான் இருக்கு.”

மைனி இரண்டு கை நிறைய அள்ளி மெதுவாக உள்ளே விட்டார். மேலும் ஒரு முறை அள்ளினார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பிக் கைகால் கழுவிய பிறகு, முறைப்படி உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கொடுக்க வேண்டும் என்று நண்பனின் தங்கை குசினிக்குள் போனாள். மைனி அவளைக் கூப்பிட்டார்.

“நீ இரி. அந்தத் தம்பி போடட்டும். இம்புட்டு நாளும் அவரக் காய்கறி நறுக்க விட்டாச்சி.”

நான் உள்ளே போனேன். பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். உப்புக்காற்றில் பர்னர் துருப்பிடித்து, துளைகளெல்லாம் அடைத்திருந்தன. ஊசியால் குத்தி ஊதிச் சுத்தம் செய்தேன். தீக்குச்சி நமுத்துப்போய், உரசினால் மருந்து உதிர்ந்தது. கடைசியில் ஒன்று பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருஷமாகத் தினமும் செய்கிற வேலைதான். அன்று நீலத் தீ வட்டமாகச் சுற்றி வந்தபோது நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

மேல்தட்டில் கருப்பட்டி அப்படியே இருந்தது. ஓலையில் எறும்பு ஏறியிருந்தது. தட்டிவிட்டு, உடைத்துத் தண்ணீரில் போட்டேன். கொதி வந்தது. வாசம் குசினியைத் தாண்டி வீடெல்லாம் போனது. காப்பித்தூளைப் போட்டு இறக்கினேன்.

முதல் தம்ளரை மைனிக்குக் கொண்டுபோனேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெகுநாள் சூடு படாத தொண்டை. நன்றாக ஆற்றி, கைபொறுக்கிற பதத்தில் கொண்டுபோனேன். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நண்பன் பக்கத்தில் இருந்தான். மைனி தம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு மடக்கு குடித்தார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தம்பி, டீக்கடக்காரரு போட்ட காப்பி மாரியா இருக்கு? சூடு பத்தல.”

தம்ளரைத் திருப்பி நீட்டினார்.

“நல்லாக் காய வச்சிக் கொண்டாங்க.”

நான் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.